ரசிகர் தளத்துக்கு வக்கீல் நோட்டீஸ்: முகவரியைக் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: மண்டபம் பக்கத்து இசைக்குழு ஒன்றுக்கு ரசிகர் இணையதளம் நடத்துகிறேன். முகவரி குழுவின் பெயரேதான், கூட ஒரு டாட் காம். கச்சேரித் தேதி, நான் எடுத்த படங்கள், பாட்டு வரிகள் போடுவேன். போன வருஷம் முதல் தம்பி அதில் டி-சர்ட் விற்கிறான். பாம்பன் திருவிழாவுக்குக் கச்சேரி புக் பண்ண எனக்கே போன் வருகிறது, அவ்வளவு பிரபலம்! இப்போது பதினைந்து நாளில் முகவரியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ். அவர்கள் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவே செய்யவில்லை. ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: பணம் கேட்கவே கேட்காதீர்கள். விற்பதற்காகவே முகவரியைப் பிடித்து வைத்தீர்கள் என்று காட்ட, நீங்கள் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

டாட் காம் தகராறுகளுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்று, நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் முடிவு சொல்லும் நடைமுறை இருக்கிறது. முகவரி தங்கள் பெயரை ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற மூன்றையும் புகார் கொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் புகார் நிற்காது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனே 2001இல் தன் பெயரிலுள்ள டாட் காம் முகவரியைக் கேட்டுத் தோற்றார். அந்தத் தெம்பில் நீங்கள் இறங்க வேண்டாம். அங்கேயே நடுவர் மூவரில் ஒருவர் பாடகர் பக்கம் நின்றார்.

பதிவு செய்யவில்லை என்பதும் உங்களைக் காப்பாற்றாது. பதிவில்லாத பெயரையும் பிறர் தன்னுடையதுபோலக் காட்டி நடப்பதற்கு எதிராக வழக்குப் போடலாம். 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இணைய முகவரிக்கும் இது பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது, நீங்கள் பெருமையாக எழுதிய அந்த போன் விஷயம்தான். கச்சேரி பேச வந்தவர் உங்களையே குழு என்று நினைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் தேடும் சாட்சி அதுவே. அதோடு டி-சர்ட் சேர்ந்தால், ‘வெறும் ரசிகை’ என்ற வாதம் படுத்துவிடும்.

ஆகவே இன்றே டி-சர்ட் பக்கத்தை இறக்குங்கள். குழுவின் லோகோவையும் உங்கள் கைபேசி எண்ணையும் முகப்பிலிருந்து எடுங்கள். ‘இது ரசிகை நடத்தும் தளம், குழுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று மேலேயே பெரிதாகப் போடுங்கள், அடியில் பொடி எழுத்தில் அல்ல. பாட்டு வரிகள் தனிப் பிரச்சினை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி வேண்டும். நீங்களாக எடுத்த படங்கள் பொதுவாக உங்களுடையவை.

அப்புறம், நோட்டீஸ் யார் சார்பில் வந்திருக்கிறது என்று பாருங்கள். குழுவினர் ஒன்று சொல்ல, மேனேஜர் வேறொன்று சொல்வது நம் ஊரில் சகஜம். தவறான ஆளிடம் முகவரியைக் கொடுத்தால் தலைவலி இரட்டிப்பாகும்.

பதினைந்து நாள் என்பது வக்கீல் வைத்த கெடு. ஆனாலும் பதில் போடாமல் இருக்காதீர்கள். யுடிஆர்பி நடைமுறை தொடங்கிவிட்டால் பதிலுக்கு 20 நாள்தான். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

என்னைக் கேட்டால் சமரசம் பேசுவேன். முகவரியைக் கொடுங்கள், பதிலுக்கு, பெயரோடு ‘ரசிகர்கள்’ என்று சேர்த்த புது முகவரியில் தளத்தைத் தொடர அனுமதியும், பழைய முகவரியில் வருபவர்களைச் சில மாதம் உங்கள் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடும் கேளுங்கள். இரண்டையும் முகவரி கைமாறுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.