மாடலில் இரண்டு கப்பலுக்கும் இடைவெளி
1/700 அளவு மாடலில், இந்தியக் கடற்படையின் எரிபொருள் கப்பலான ஐஎன்எஸ் சக்தி பக்கத்து நாசகாரிப் போர்க்கப்பலுக்கு டீசல் கொடுப்பதுபோல் வைத்தால், இரண்டும் முட்டிக்கொள்வதுபோல் தெரிகிறது என்கிறீர்கள். நிஜத்தில் ஏறக்குறைய 45 மீட்டர் விடுவார்கள். உங்கள் அளவில் 6.4 செ.மீ. இன்னும் நெருங்கினால், நடுவில் வேகமாக ஓடும் நீர் இரு உடல்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும்.

அதைவிட முக்கியம், நங்கூரம் போட்டதுபோல் வைக்காதீர்கள். இரண்டும் சுமார் 12 நாட் (மணிக்கு ஏறக்குறைய 22 கி.மீ.) வேகத்தில் ஓடிக்கொண்டேதான் எரிபொருள் மாற்றும். சக்தி நேராகப் போகும். பக்கவாட்டில் ஒட்டி ஓடும் பொறுப்பு வாங்கும் கப்பலுக்கு. ஆகவே இரண்டு முகப்பிலும் நுரை வேண்டும். குழாயைக் கடலில் தொங்கவிடாமல், இறுக்கிய கம்பிவடத்திலிருந்து வளைவு வளைவாகத் தொங்கவிடுங்கள். அப்புறம், பின்தளத்து ஹெலிகாப்டரின் கீழ் ஒரு வலைப்பொதி கட்டினால் உணவும் உதிரிப்பாகமும் போகும் வழி புரிந்துவிடும்.