கனடாவின் கியூபெக்கில் குழந்தைக் காப்பகக் கட்டணம் குறைந்தது எப்படி?

மானியக் கட்டணக் காப்பகம் என்பது, பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்று, எஞ்சியதை மட்டும் நிலையான குறைந்த கட்டணமாகப் பெற்றோரிடம் வாங்கும் ஏற்பாடு. கியூபெக் மாகாணம் 1997இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று இதைத் தொடங்கி, 2000க்குள் சிறியவர்களுக்கும் விரிவாக்கியது. 2004இல் கட்டணம் 7 டாலரானது.

காப்பகம் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது? நடத்துபவரின் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் செலவில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம்தான். ஒன்றரை வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. இது ஷேர் ஆட்டோ போலத்தான்: இருக்கைகள் இத்தனைதான் என்றான பின், ஓட்டுநரின் அன்றாடக் கூலியை அந்தச் சில பயணிகளே பங்கிட்டாக வேண்டும். ஆளைத் திணித்தால் ஆபத்து, கூலியைக் குறைத்தால் ஓட்ட ஆள் வராது. ஆகவே பொது வரிப்பணம் உள்ளே வந்தால்தான் கட்டணம் இறங்கும். அப்பணம் முழுதும் போய்விடுவதும் இல்லை: கியூபெக்கில் வேலைக்குச் செல்லும் தாய்மார் கூடினர், அவர்கள் கட்டும் வரியாக ஒரு பகுதி அரசுக்கே திரும்புகிறது.

கட்டணத்தைக் குறைத்துவிட்டால் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு. கியூபெக்கில் கேட்போர் பெருகிய வேகத்தில் புதிய இடங்களும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் பெருகாததால், காத்திருப்போர் பட்டியல்தான் நீண்டது.