இரண்டு நம்பருக்குக் காசு கேட்டது சரியா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது. சீனி, பிரஷர், கிட்னியும் பலவீனம். மட்டக்களப்பில் சனல் பண்ணிக் காட்டினோம். டொக்டர் 40 நிமிடம் பார்த்தார். வெளியே வந்ததும் இரண்டு நம்பருக்குக் காசு வாங்கினார்கள். நியாயமா?"

அந்த 40 நிமிடத்துக்காக டொக்டர் வாங்கியிருந்தால் நியாயம்தான், மகள். தடிமனுக்கு வந்தவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பலாம். உங்கள் அப்பாவுக்கு அது சரிவராது. பழைய கிளினிக் கொப்பியைப் புரட்ட வேண்டும். கிட்னி வடிகட்டும் அளவு (ரிப்போட்டில் eGFR என்று இருக்கும்) 30க்குக் கீழே போயிருந்தால் சீனிக்கு எடுக்கிற மெட்ஃபோமினை நிறுத்த வேண்டும். பிரஷருக்கு லொசாட்டனும் சலம் போகிற குளிசையும் எடுப்பவர் முழங்கால் நோவுக்கு பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கி விழுங்கினால் கிட்னி பழுதாகலாம். அவர் அப்படி வாங்கி விழுங்குவதை ரிப்போட் சொல்லாது, ஆறுதலாக இருந்து விசாரித்தால்தான் வெளியே வரும்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் 2015இலிருந்து, இரண்டுக்குக் குறையாத நாட்பட்ட வருத்தங்கள் உள்ளவரைக் கவனிக்க மாதம் 20 நிமிடமாவது செலவானால் அதற்குத் தனியாகக் கட்டணம் கொடுக்கிறது. இங்கே ஐந்து நிமிடமும் ஒரு நம்பர், 40 நிமிடமும் ஒரு நம்பர். நேரம் எடுத்துப் பார்க்கிற டொக்டருக்கு நட்டம். இதை எத்தனை கூட்டங்களில் சொல்லிவிட்டேன்!

எனக்கு உறுத்துவது வேறு. காசை வாங்கியது யார்? பில் தந்தார்களா? அதில் டொக்டர் கட்டணம் வேறாக, ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாத காசு டொக்டரிடம் போனது என்று நம்பவே வேண்டாம். நம்பர் பிடித்துத் தருகிறேன் என்று வாசலில் நிற்பவர்களை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். முன் நம்பருக்கு ஒரு காசு, "இந்த லெப்பில்தான் எடுக்கணும்" என்று கூட்டிப்போவதற்கு லெப்பிடம் இன்னொரு காசு. மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சியைப் போன மாதம்தான் எடுத்தவரையும் திரும்ப எடுக்க வைப்பார்கள். அவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ரிப்போட் காட்டப் போவது மட்டும் வேறு கணக்கு. டொக்டர் எழுதித் தந்த பரிசோதனையைச் சில நாட்களில் கொண்டுபோய்க் காட்டி, "சரி, அதே மருந்து" என்று அவர் சொன்னால் அதற்கு முழுக் கட்டணம் கேட்கக் கூடாது. அதே ரிப்போட்டைப் பார்த்து மருந்தை மாற்றி, அளவை விளக்கி, சாப்பாட்டையும் விசாரித்தால் அது புது வேலை, கொடுக்கத்தான் வேண்டும். எது எது என்று உள்ளேயே டொக்டரிடம் கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

அடுத்த முறை நம்பர் எடுக்கும்போதே கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். அப்பா விழுங்குகிற எல்லாக் குளிசையையும், நோவுக்கு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.