ஆடு கடித்தால் செடி மாறுமா? டீச்சரிடம் கேள்வி பதில்

வாடிப்பட்டியிலிருந்து: டீச்சர், எங்கள் ஊர்க் கரட்டில் ஆடு மேயும் பக்கம் புல் தரையோடு படுத்துக் கிடக்கிறது. வேலிக்கு உள்ளே அதே புல் முழங்கால் உயரம். புல்லின் குணமே மாறிவிட்டதா?

தம்பி, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடிபட்டுக் கடிபட்டுக் குட்டையாக இருக்கலாம், பிறவியிலேயே குட்டையாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் வேரோடு பிடுங்கி, ஒரே மண்ணும் ஒரே தண்ணீரும் கொடுத்து, ஆட்டு வாய் படாத மொட்டைமாடியில் ஒரு பருவம் வளர்த்துப் பாருங்கள். இரண்டும் நிமிர்ந்தால் கடிபட்ட குட்டை. ஒன்று மட்டும் படுத்தே கிடந்தால் குணம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் மேரிலாந்தில் கெம்ப் என்பவர் இப்படித்தான் பார்த்தார்; 1937-இல் வெளியிட்டார். ஒரே விதைக் கலவை தூவிய நிலத்தில் ஒரு பாதியைக் கால்நடைக்கு விட்டார்கள், மறுபாதியை உலர்தீவனத்துக்கு வளர்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து இரண்டு பாதியிலிருந்தும் செடிகளைப் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டபோது, மேய்ந்த பக்கத்துச் செடிகளில் நிறைய குட்டையாகவே வளர்ந்தன.

மேலூரிலிருந்து: மூன்று வருஷத்தில் புதுக் குணம் எப்படி வரும்? லட்சக்கணக்கான வருஷம் வேண்டாமா?

புதுக் குணம் வரவில்லை. குட்டையும் நெட்டையும் விதைக் கலவையிலேயே கலந்திருந்தன. தலைதூக்கியதை மாடு கடித்தது, தரையோடு படர்ந்தது பிழைத்து நின்றது. செடி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. யார் மிச்சம் என்பதுதான் மாறியது, அதற்குச் சில தலைமுறை போதும்.

சோழவந்தானிலிருந்து: டீச்சர், நெல் வயலில் முளைக்கும் நெற்சக்களத்திக் களையை எத்தனை முறை களை எடுத்தாலும் தீரவில்லையே?

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆட்டின் வாய் செய்வதை இங்கே களை எடுக்கும் கை செய்கிறது. அடித்தண்டு சிவந்து, தூர் பரந்து கிடப்பது உடனே கண்ணில் படும், கையோடு போய்விடும். நெல்லைப் போலவே பச்சையாக, நேராக நிற்பது தப்பித்து விதை உதிர்க்கும். சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையில் இதன் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. நெல்லைப் போலிருக்கும் வகை அங்கே சுமார் 1000 வருஷத்துக்கு முன் உருவானதாக அது கணக்கிடுகிறது. குனிந்து களை எடுத்த அத்தனை தலைமுறைக் கைகளும் சேர்ந்து செய்த வேலை அது.

இலை தண்டோடு சேரும் இடத்தை விரல் நகத்தால் விரித்துப் பாருங்கள். நெல்லில் நாக்கு மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். சக்களத்தியில் அந்த இடம் வழவழப்பாக, வெறுமையாக இருக்கும். பூக்கும் முன் பிடிக்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

திருமங்கலத்திலிருந்து: அப்போ வேலி போட்டுக் காப்பாற்றினால் செடி பழையபடியே இருக்கும்தானே?

இருக்காது. அனுராக் அகர்வாலும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். மாலையில் மஞ்சள் பூ பூக்கும் ஓனோத்தெரா என்ற காட்டுச் செடியைப் பல பாத்திகளில் நட்டு, பாதிப் பாத்திகளுக்குப் பூச்சிமருந்து அடித்தார்கள். பூச்சித் தொல்லை குறைந்த பாத்திகளில், சில வருஷங்களிலேயே, காயில் தற்காப்பு ரசாயனம் குறைவான வகைகள் பெருகின. பூப்பதும் முந்தியது. அங்கே டேண்டலியன் என்ற களையும் செழித்ததால், அதோடு மல்லுக்கட்டி வளரும் திறனும் கூடியது. தற்காப்புக்கு ஆகும் செலவு வீண் என்றால், அந்தச் செலவு செய்யாத செடி முந்திக்கொள்ளும்.

உசிலம்பட்டியிலிருந்து: எங்கள் மேய்ச்சல் நிலம் முழுக்க எருக்கும் ஆவாரையும் ஆகிவிட்டது. இதுவும் அதேதானா?

இல்லை, இது வேறு. ஆடு விரும்பியதைத் தின்று தீர்க்க, தொடாத இனம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே இனத்துக்குள் குணம் மாறுவதைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆடுதின்னாப்பாளையும் பேர் சொல்வது போல ஆடு ஒதுக்கும் செடிதான். யாராவது கைமருந்தாகக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும்.

ப்ளஸ் டூ மாணவி, மதுரை: நானே செய்து பார்க்க முடியுமா டீச்சர்?

தாராளமாக, கண்ணு. காக்காய்க்கால் புல் எடுத்துக்கொள், முளைத்து விதை விட்டு ஒரு வருஷத்துக்குள் மடிந்துவிடும் புல் அது. ஆனால் பிடுங்கி நட்டதை மட்டும் நம்பாதே, பழைய இடத்தின் பாதிப்பு அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். தை, மாசியில் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக விதை எடுத்துக் காகிதப் பையில் எழுதி வை. ஐப்பசி மழைக்குத் தொட்டியில் விதை. அதில் வரும் விதையையும் இன்னொரு முறை விதைத்துவிட்டு அளந்து பார்.