மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் புற்றுநோயா?

காரைக்குடியில் இருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கு 67 வயது, இரண்டு வாரமாகத் துணியில் இரத்தம் படுகிறது, 'உடம்புச் சூடு' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சூடு என்று விட்டுவிடாதீர்கள். தீட்டு நின்று வருடங்கள் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இப்படி வருபவர்களில் பத்தில் சுமார் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் கருப்பை உட்சவ்வில் புற்று என்றால் பெரும்பாலும் முதல் அறிகுறியே இதுதான்; உடனே போனால் ஆரம்பத்திலேயே பிடித்து, கருப்பையை எடுத்துக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் ஸ்கேன். உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மகளிர் பிரிவில் காட்டலாம். அப்புறம், வீட்டுப் பெண் ஒருவர் கூடவே உள்ளே போகட்டும். வெட்கத்தில் அப்பத்தா பாதியை மறைத்துவிடுவார்.