அந்தப் பருப்புப் பொடி யாருக்குக் கட்டியது?

கேள்வி: டிசம்பர் 6-ம் தேதி மாலை 5 மணிக்கு சிங்கப்பூரில் இருந்து நான்கு இரவு கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறோம். நான், கணவர், நாலு வயது மகன், 71 வயது மாமியார். கப்பலில் போக வேண்டும் என்பது அத்தையின் நீண்ட நாள் ஆசை. 5-ம் தேதி இரவு 11.15-க்குச் சென்னையில் விமானம் ஏறினால், மறுநாள் காலை 6.05-க்கு சிங்கப்பூர். கப்பலுக்கு 11 மணி நேரம் இருக்கிறது, போதும்தானே? தோழி ஒருத்தி, “முதல் நாளே போய்விடு” என்று பயமுறுத்துகிறாள். நாத்தனார் அங்கே செங்காங்கில்தான் இருக்கிறார். முன்னாடியே போனால் அவர் வீட்டில்தான் தங்க வேண்டி வரும். எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சு இல்லை, வீண் சங்கடம். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 10-ம் தேதி காலை 7 மணிக்குக் கப்பல் வந்துவிடும், 11.40-க்கு சென்னை விமானம். இன்னொன்று: அத்தை இப்போதே பருப்புப் பொடி, நார்த்தங்காய் என்று ஒரு பெட்டியில் பாதியை நிரப்பிவிட்டார். எடை தாண்டிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்தப் பெட்டியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கடைசியாக, லக்கேஜ் எடைக்காக எழுதிய வரி அது. அந்தப் பொடியும் நார்த்தங்காயும் யாருக்கு? கப்பலுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அநேகமாக எந்தக் கம்பெனியும் விடுவதில்லை. முனையத்திலேயே எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். உங்கள் அத்தை அதைக் கட்டுவது மகளுக்காக. அதாவது மகளைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் அவர் பொடி இடித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அவரிடம் சொல்லவில்லை.

“திரும்பும்போது” என்பதும் நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்க மாட்டார்கள். தளம் தளமாக, லக்கேஜ் அட்டையின் நிறத்தை வைத்துக் கூப்பிடுவார்கள். பெட்டியைத் தேடி எடுத்து, இமிக்ரேஷன் முடித்து வெளியே வர எட்டரை, ஒன்பதரை ஆகும். முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர் கூட வந்தால் இன்னும் தாமதம். 11.40 விமானத்துக்கு 10.40 வாக்கில் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். சாங்கி விமான நிலையத்துக்கு ஓடத்தான் நேரம் இருக்கும், அதுவும் சந்தேகம். இதில் செங்காங் எங்கே வருகிறது? ஆக, ஒரு தாயை அவர் பெண் இருக்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், பெண் முகத்தைக் காட்டாமலே திருப்பிக் கூட்டி வருவதாகத் திட்டம். இதை நான் ஏற்க மாட்டேன். நாத்தனாருக்கும் உங்களுக்கும் என்ன மனஸ்தாபம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அது எதுவானாலும் அதற்கான தண்டனையை 71 வயதுக்காரர் தலையில் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

இனி விமானம். 11 மணி நேரம் போதுமா என்றால், தாமதத்துக்குப் போதும். மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் பிந்தினாலும் கப்பலைப் பிடித்துவிடலாம். ரத்துக்குப் போதாது. 5-ம் தேதி இரவு விமானம் ரத்தானால், அடுத்ததில் நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்து, அது மறுநாள் மதியத்துக்குள் உங்களை சிங்கப்பூரில் இறக்க வேண்டும். இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசமும் உங்களுக்கு எதிராகவே ஓடும். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மாலை 5 நெருங்கிவிடும். நீங்கள் வாங்கி வைத்திருப்பது ஏறக்குறைய கடைசி வாய்ப்பு, அதற்குப் பின்னால் நம்பி இருக்க எதுவும் இல்லை.

மாலை 5 மணி என்பதும் கப்பல் கயிறு அவிழ்க்கிற நேரம். முனையத்தில் பதிவை அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னதாகவே மூடுவார்கள். பயணிகள் பட்டியலை முடித்து இமிக்ரேஷனிடம் கொடுத்தாக வேண்டும், துறைமுக வழிகாட்டி மாலுமிக்கும் நேரம் குறித்தாயிற்று. நாலு பேருக்காக நிற்க மாட்டார்கள். உங்கள் கணக்கில் 3.30 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தேதியைப் பார்த்தீர்களா? டிசம்பர் முதல் வாரம். சென்னை விமான நிலையத்துக்கு இதைவிட மோசமான வாரம் வருஷத்தில் கிடையாது. 2015-ல் டிசம்பர் 1-ம் தேதி இரவு ஓடுதளத்தில் வெள்ளம் ஏறி மூடியது, விமானங்கள் திரும்ப ஓட நான்கைந்து நாள் ஆனது. 2023-ல் மிக்ஜாம் புயலுக்கு டிசம்பர் 4 காலை மூடி மறுநாள் காலைதான் திறந்தார்கள். 2024-ல் ஃபெஞ்சல், நவம்பர் 30 மதியம் மூடி மறுநாள் விடியற்காலை வரை. குரோம்பேட்டையில் குடியிருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முறையும் இதே வாரம்தான். மழையே இல்லாவிட்டாலும், இரவில் சென்னையில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் சாயங்காலம் சிங்கப்பூரில் இருந்து வந்து உடனே திரும்புவது. அங்கே இடியும் மழையுமாக இருந்தால் உங்களுக்கு இங்கே பிந்தும்.

வானிலையால் ரத்தானால் விமானக் கம்பெனி மாற்று விமானம் தரும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும். உங்களை சிங்கப்பூரில் சேர்ப்பதோடு அவர்கள் கடமை முடிந்தது. கப்பல் கம்பெனியோ, வராதவர் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குக் கப்பல் கம்பெனி அனுமதி வேண்டும், அந்த நாட்டு இமிக்ரேஷன் விட வேண்டும், விமானச் செலவு உங்களுடையது. நான்கு இரவுப் பயணத்தில் அதற்குள் பாதிப் பயணம் போயிருக்கும். இன்ஷூரன்ஸ் எடுங்கள், ஆனால் ‘கனெக்ஷன் தவறினால்’ என்ற பகுதியில் கப்பல் சேர்ந்திருக்கிறதா, விமானம் மட்டும்தானா என்று வாசித்துப் பார்த்து எடுங்கள். இப்போதே எடுங்கள். வங்கக் கடலில் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது.

எதுவும் ரத்தாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 6.05-க்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வரும்போது 7.15. கப்பலில் ஏற உங்களுக்குக் கொடுத்த நேரம் அநேகமாக மதியத்தை ஒட்டி இருக்கும், அறை தயாராக ஒன்றரை, இரண்டு மணி. முந்தின இரவு மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடி தூங்கிய அத்தை, இந்த ஏழு மணி நேரமும் எங்கே இருப்பார்? விமான நிலைய நாற்காலியில், கால் வீங்கி. ஏறியதும் படுக்கவும் முடியாது. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு சர்வதேச விதியை இறுக்கிவிட்டார்கள். 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ எல்லாப் பயணிகளும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். சில கப்பல்களில் போனிலேயே வீடியோ பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வரலாம். சிலவற்றில் சைரன் அடித்ததும் எல்லாரும் போய் நிற்க வேண்டும். வயசானவர் என்று விலக்கு இல்லை. அவர் ஆசைப்பட்ட கப்பலில் முதல் நாளை அவர் தூக்கக் கலக்கத்தில் கழிப்பார்.

ஆகவே 4-ம் தேதி இரவு விமானத்துக்கு மாற்றுங்கள். 5-ம் தேதி காலை சிங்கப்பூர், 6-ம் தேதி கப்பல். 4-ம் தேதி விமானம் ரத்தானாலும் 5-ம் தேதி பகல் விமானங்களும் அன்று இரவு விமானமும் கையில் இருக்கும். இந்த வாரத்துக்கு இதுதான் குறைந்தபட்சம். 3-ம் தேதி இரவே கிளம்பினால் இன்னும் நல்லது, கணவருக்கு லீவு கிடைக்குமா என்று கேளுங்கள். நாலு பேரும் ஒரே பதிவில் இருக்கும்படி மாற்றுங்கள். இரண்டு இரண்டாகப் பிரித்தால், ரத்தாகும் நேரத்தில் கம்பெனி உங்களை இரண்டு குடும்பமாகத்தான் பார்க்கும், அத்தை தனி விமானத்தில் போவார். ஏஜென்ட் போட்ட டிக்கெட் என்றால் ஏஜென்ட்தான் மாற்ற வேண்டும். நவம்பர் கடைசியில் இருந்து நுங்கம்பாக்கம் வானிலை மைய அறிக்கையைத் தினமும் பாருங்கள். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்ற சொல் வந்த அன்றே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, இன்னும் முன்னால் தள்ள முடியுமா என்று கேளுங்கள். ஊரே கேட்க ஆரம்பித்த பிறகு இடம் இருக்காது.

தங்குவதைப் பற்றி. நாத்தனார் வீட்டில் உங்களுக்குச் சரிப்படாது என்றால் நீங்களும் கணவரும் பிள்ளையும் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ஹோட்டல் அறை எடுங்கள். குற்றம் இல்லை. அத்தை மகள் வீட்டில் தங்கட்டும். 6-ம் தேதி காலை நீங்கள் போய் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், செங்காங்கில் இருந்து முனையத்துக்கு டாக்சியில் அரை மணி நேரம். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம். உள்ளே போய், ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

டாக்சியில் ஏறும்போது ‘மரினா பே க்ரூஸ் சென்டர்’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். வெறும் ‘க்ரூஸ் சென்டர்’ என்றால் ஹார்பர்ஃபிரண்டில் இருக்கிற இன்னொரு முனையத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். உங்கள் பயணச் சீட்டில் எந்த முனையம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர், நாலு பெட்டிக்குச் சாதாரண டாக்சி போதாது, ஆறு பேர் உட்காரும் வண்டியாகச் சொல்லுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, ஆப்பில் கூப்பிடும் தனியார் காருக்கு இல்லை. பிள்ளையைப் பார்த்ததும் டிரைவர் ஏற்ற மறுத்தால் அவர் மேல் தப்பில்லை.

காகிதங்களில் தவறுவது இதில்: கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது. எனவே நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசாவில் பல முறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று நாலு பாஸ்போர்ட்டுக்கும் பாருங்கள். வருகை அட்டையும் இரண்டு முறை, விமானத்தில் போகும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் இமிக்ரேஷனின் சொந்த இணையதளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அத்தைக்குச் சக்கர நாற்காலியை விமானக் கம்பெனியிடம் 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள், கப்பல் கம்பெனியிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போகாது. மருந்து முழுவதும் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. இன்சுலின் என்றால் கட்டாயம் கைப்பை, சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. எல்லாருக்கும் ஒரு செட் மாற்றுத்துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். முனையத்தில் ஒப்படைக்கிற பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர மாலையாகும். விமானத்தில் பெட்டி வராமல் போனால், ஒரு நாள் முன்னதாகப் போனவர்களுக்கு அது கப்பலுக்கு முன் வந்து சேர வாய்ப்பு உண்டு. அன்றே போனவர்கள் நாலு இரவும் கட்டிய துணியோடு இருக்க வேண்டியதுதான்.

10-ம் தேதி 11.40 விமானத்தையும் அன்று இரவு விமானத்துக்கு மாற்றுங்கள். பகல் முழுவதும் அத்தை மகளோடு இருப்பார். அவர் இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்றால், விசா நாளைப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டு வாருங்கள்.

இன்றைக்கே நாத்தனாருக்குப் போன் செய்யுங்கள். கணவரைச் செய்யச் சொல்லாதீர்கள், நீங்களே செய்யுங்கள். “5-ம் தேதி காலை அம்மா வர்றாங்க” என்று தேதியைச் சொன்னால் போதும். பிறகு அத்தையிடம் போய் அதே தேதியைச் சொல்லுங்கள்.

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். பொடி கொண்டுபோகலாம். கசகசா மட்டும் சிங்கப்பூருக்குள் கூடாது. மசாலாப் பொடி ஏதாவது அரைத்திருந்தால் அதில் கசகசா சேர்த்தாரா என்று கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதுவும் அங்கே தடை. ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெட்டியின் நடுவில் துணிக்குள் வையுங்கள். எடை தாண்டினால் உங்கள் உடுப்பில் குறையுங்கள், பொடியில் கை வைக்க வேண்டாம்.