கல்லீரல் புற்றுநோய்: டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு 62 வயது. கல்லீரல் சுருங்கி, அதில் 4 செ.மீ. அளவில் ஒரு புற்றுநோய்க் கட்டி இருப்பதாக சிடி ஸ்கேனில் தெரிந்தது. ஹெபடைடிஸ் பி இருப்பதும் இப்போதுதான் தெரியும். ஒரு டாக்டர் கல்லீரல் மாற்று என்கிறார், இன்னொருவர், கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் 'டேஸ்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது இரண்டு நோய்கள். ஒன்று கட்டி, இன்னொன்று, அது முளைத்த இடமான, பல வருடங்களாக வைரஸ் தாக்கித் தழும்பேறிய கல்லீரல். கட்டி எவ்வளவு பெரிது என்பதோடு, மீதிக் கல்லீரலுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

அந்தத் தெம்பை அளக்க ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, மனக்குழப்பம் இருக்கிறதா. இவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி ஏ, பி, சி என்று பிரிப்பார்கள்; ஏ என்றால் கல்லீரலுக்குத் தெம்பு அதிகம், சி என்றால் மிகவும் தளர்ந்துவிட்டது. அப்பா எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

'ஏ' பிரிவாக இருந்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தமும் கூடாமல் இருந்தால், கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுக்கலாம். கல்லீரல் தளர்ந்திருந்தால் அதை வெட்டினால் தாங்காது. அப்போதுதான் மாற்று பற்றிப் பேசுவார்கள். ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாயிலோ வேறு உறுப்பிலோ பரவாமல் இருக்க வேண்டும். 1996 முதல் மருத்துவர்கள் கைக்கொள்ளும் மிலன் அளவுகோல் இது. அப்பாவின் கட்டி அளவு இதற்குள் வருகிறது. நல்ல செய்திதான்.

ஆனால் மாற்றுக்குக் கல்லீரல் கிடைக்க வேண்டுமே! மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கு, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிந்து காத்திருக்க வேண்டும். அதுவரை கட்டி வளராமல் பிடித்து வைக்கத்தான் பல சமயம் டேஸ் செய்வார்கள்: தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்கு ரத்தம் தரும் நாளத்தில் மருந்தைச் செலுத்தி அதை அடைப்பது. ஆகவே டேஸ் சொன்ன டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது மாற்று வரை தாக்குப்பிடிக்கவா, இல்லை இதுதான் முழுச் சிகிச்சையா?" சூட்டால் கட்டியைக் கருக்கும் முறையும் உண்டு, 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் அது நன்றாகப் பலிக்கும்.

கட்டி ரத்தக்குழாயில் ஏறிவிட்டிருந்தால் மருந்துகள்தான் முதன்மை. அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற ஊசிகளைச் சேர்த்துப் போடுவார்கள். அதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். சோராஃபெனிப் மாத்திரையும் இருக்கிறது. மாதம் 2.8 லட்ச ரூபாய்க்கு விற்ற அதை, 2012-இல் இந்திய அரசு கொடுத்த கட்டாய உரிமத்தால் சுமார் 8,800 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. விலை கேட்டு மிரண்டு சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. கல்லீரல் மாற்றும் செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டையும் கையோடு கொண்டுபோங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும்.

இன்னொன்று, அக்கறையோடு சொல்கிறேன். அம்மாவும் பிள்ளைகளும் உடனே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி, இருந்தால் மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களில் யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க நினைத்தால், ஆரம்பத்திலேயே பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. அப்பாவுக்கும் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கியாயிற்றா என்று கேளுங்கள்.

யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாறு கொடுக்காதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். முட்டை, மீன் கொடுங்கள். பத்தியம் என்று பட்டினி போட்டால் இருக்கும் தெம்பும் போய்விடும். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் - இதில் எது வந்தாலும், நடுராத்திரி என்றாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.